சீனாவுக்குப் போன ஆங்கில வகுப்பு

வந்திருந்தவர்கள்: அப்பா, அம்மா, சின்னம்மா, வீடியோ அண்ணை, நான். வராதவர்கள்: மாணவர்கள்.

ஆங்கில வகுப்பு ஒன்றைப் படம் பிடிப்பதற்கு இவர்களில் யார் அவசியம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எங்கள் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டு, கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து, மேசையில் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளை அந்தச் சனிக்கிழமை காலை ஒரு மணித்தியாலத்துக்கு அனுப்பிவைக்கும்படி தாய்மாரிடம் கேட்டிருந்தேன். "ஓம் தம்பி, கட்டாயம் அனுப்புறம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்று சொன்னால் வருவார்கள். "கட்டாயம்" என்று சொன்னால் யோசிக்க வேண்டும். அன்று ஒரு பிள்ளைக்குப் பக்கத்து நகரமான லாவாலில் பிறந்தநாள் கொண்டாட்டம். என் முழு வகுப்பும் கேக் சாப்பிடப் போய்விட்டது.

"அப்ப இன்னொரு நாளைக்கு வைப்பமோ?" என்று வீடியோ அண்ணையைக் கேட்டேன்.

"இண்டைக்கு விட்டா பேந்து எனக்கு ஈஸ்டர் மட்டும் ஒரு சனிக்கிழமையும் இல்லைத் தம்பி. இண்டைக்கே பின்னேரம் ஒரு கலியாணம் கிடக்கு" என்றார் அவர், விளக்குக் கம்பத்தை விரித்துக்கொண்டே.

ஈஸ்டர் வரை காத்திருக்க முடியாது. சீனாவிலிருந்து எனக்குக் கொடுக்கப்பட்ட தவணை அந்த மாத முடிவு.

சீனா எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா வாசலோடு. நான் இங்கே மொன்றியலில் ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகம் வரை போய் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினேன். பட்டமளிப்புப் படம் வரவேற்பறைச் சுவரில் திருவிருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், மரியாதைக்காக ஒரு விரல் அளவு கீழே, மாட்டப்பட்டது. படத்தில் இருந்தவன் மட்டும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு ஆயத்தம் செய்யும் சமையல்கூடத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். தட்டு நகர்ந்து வரும். அப்பா பாண் வைப்பார். நான் பட்டர் வைப்பேன்.

வேறு வேலை தேடாமல் இல்லை. போன இடமெல்லாம் பிரெஞ்சு கேட்டார்கள். பதினெட்டு வயதில் வந்து மாலை வகுப்பில் படித்த என் பிரெஞ்சு, பஸ்ஸில் வழி கேட்கப் போதும். வேலை கேட்கப் போதாது. சமையல்கூடத்தில் எனக்குப் பெயரே 'யூனிவர்சிற்றி' என்றாகிவிட்டது. "யூனிவர்சிற்றி, பட்டர் முடிஞ்சுது, ஓடு!" என்று யாராவது கத்துவார்கள். நான் சிரித்துக்கொண்டு ஓடுவேன். அப்பா சிரிக்க மாட்டார். அந்தக் குரல் கேட்ட பிறகு வருகிற பத்துத் தட்டுகளில் பாண் கொஞ்சம் பலமாகவே விழும்.

அந்த நேரத்தில்தான் என்னோடு படித்த கியூபெக் பையன் சீனாவிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினான். ஆங்கிலம் படிப்பிக்கிறானாம். பல்கலைக்கழகத்தில் அவனுடைய ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்ததே நான்தான்; இரண்டு வசனத்துக்கு ஒருமுறை அவன் பிரெஞ்சுக்குள் போய் மூச்செடுத்துவிட்டு வருவான். விண்ணப்பித்து மூன்றாம் நாள் வேலை கிடைத்ததாம். இருக்க வீடு, விமானச் சீட்டு எல்லாம் பள்ளிக்கூடமே கொடுக்கிறதாம். பிள்ளைகள் தோடம்பழம் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்களாம். "வந்துவிடு. ஒரு வருடம் படிப்பித்தால் அப்படியே ஊன்றிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்த எல்லோரும் இங்கே அப்படித்தான் குடியேறினார்கள்" என்று எழுதியிருந்தான்.

வீட்டில் சொன்னேன்.

"இஞ்சை வந்து குடியேறின களையே எனக்கு இன்னும் ஆறேல்லை. நீ இனி எங்கையடா குடியேறப் போறாய்?" என்றார் அம்மா.

சின்னம்மா, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். பக்கத்துத் தெரு மூலைக்கடையில், இங்கத்தைய பேச்சில் டெப்பனரில், காசுப்பெட்டியடியில் நிற்பவர். எதையும் சில்லறை மாற்றிக் கொடுப்பதுபோல் டக்கென்று சொல்லிவிடுவார். "சைனாக்காரர் எல்லாம் அடிபட்டுக்கொண்டு கனடாவுக்கு வாறாங்கள். எங்கடை ஆள் கனடாவிலையிருந்து அங்கை போறாராம். எதிர்ப்பக்கத்து பஸ்ஸிலை ஏறுற பிள்ளை அக்கா உன்ரை பிள்ளை."

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்கை உன்னை என்னெண்டு கூப்பிடுவாங்கள்?"

"ரீச்சர் எண்டு."

"சேர் எண்டு கூப்பிட மாட்டாங்களோ?"

"கூப்பிடுவாங்கள் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப போ."

சொல்வது சுலபம். எல்லாப் பள்ளிக்கூடங்களும் விண்ணப்பத்தோடு ஒரு புகைப்படமும் கேட்டன. அனுப்பினேன். பதில் இல்லை. கியூபெக் பையனிடம் கேட்டபோது, அவன் கூச்சப்பட்டுக்கொண்டே உண்மையைச் சொன்னான்: பள்ளிக்கூட மதிலில் ஒட்டுவதற்கு அவர்களுக்கு நீலக்கண் முகம் வேண்டுமாம். நான் விடவில்லை. கோட் போட்டு ஒரு படம், கோட் இல்லாமல் ஒரு படம், பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். நிறம் எல்லாவற்றிலும் ஒன்றாகத்தான் வந்தது.

கடைசியில் ஒரேயொரு தலைமையாசிரியை பதில் எழுதினார். கடற்கரையிலிருந்து வெகு உள்ளே இருக்கும் ஒரு நகரத்துச் சின்னத் தனியார் பள்ளிக்கூடம். "உங்கள் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாணவர்களோடு வகுப்பு நடத்துவதைப் பதினைந்து நிமிடம் பதிவுசெய்து மாத முடிவுக்குள் அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." டோர்வல் பட்டரிலிருந்து தப்புவதற்கு எனக்கு இருந்த வழி அந்த மூன்று வரிகள்தான்.

நண்பன் ஒருவனிடம் சின்னக் கமெரா இருந்தது. அதை இரவல் வாங்கலாம் என்றேன். அப்பா விடவில்லை. "சின்னக் கமெராவிலை சின்ன வேலைதான் கிடைக்கும். வீடியோ அண்ணையைப் பிடிப்பம்."

எங்கள் ஆட்களின் திருமணம், சாமத்திய வீடு, முதல் நன்மை, வெள்ளிவிழா எல்லாம் அந்த அண்ணையின் கமெராவுக்குள்தான் நடக்கும். அவர் வந்து விளக்கைப் போட்டால்தான் அது நிகழ்ச்சி. இல்லாவிட்டால் வெறும் சாப்பாடு. அதனால் வீடியோ அண்ணை வருகிறார் என்றதும் வீட்டில் எல்லோரும் தங்கள் பழக்கத்துக்குப் போய்விட்டார்கள். அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்தார். அப்பா கோட் போட்டார். சின்னம்மா தலைக்குப் பூ வைத்தார். வகுப்பைப் பார்க்க வந்தவர்கள் கடைசியில் வகுப்பாகவே ஆகும்போது உடுப்புக்குக் குறை இருக்கவில்லை.

"பிள்ளையள் இல்லாட்டி என்ன, நாங்கள் இருக்கிறம்" என்று முன்வரிசையில் போய் இருந்தவர் சின்னம்மா. "சைனாக்காரருக்கு எங்கடை வயசு தெரியவே போகுது?"

வீடியோ அண்ணை கையைக் காட்டினார். நான் கதவால் உள்ளே நுழைந்தேன்.

"குட் மோர்னிங், கிளாஸ்."

அப்பா எழும்பினார். அப்பா எழும்பியதால் அம்மாவும் எழும்பினார். சின்னம்மா சீலையை இழுத்துக்கொண்டு எழும்பினார்.

"குட் மோர்னிங், சேர்!" என்றார் அப்பா. மண்டபம் அதிர்ந்தது.

"சிட் டவுன், ப்ளீஸ்."

ஒருவரும் இருக்கவில்லை.

"அப்பா, இருங்கோ."

"நீ இரு முதல்."

"நான் படிப்பிக்கிறனான் அப்பா. நிக்கத்தானே வேணும்."

"சேர் நிக்கேக்கை நாங்கள் எப்பிடி இருக்கிறது? அது மரியாதையோ?"

"தம்பி, சண்டையும் பதியுது" என்றார் வீடியோ அண்ணை.

வேறு வழியில்லை. நின்றவர்களுக்கே பாடம் தொடங்கினேன். கடையில் பொருள் வாங்குவதுதான் பாடம். மேசையில் ஒரு பேனா, ஒரு குடை, அம்மாவின் ரோல்ஸ் தட்டு ஆகியவற்றை வைத்தேன். அம்மா கடைக்காரி, அப்பா வாடிக்கையாளர். விலை கேட்கவும் விலை சொல்லவும் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். ஜெபமாலை சொல்லிப் பழகிய வாய்கள்; தாளம் தப்பவே இல்லை.

அப்பா மேசைக்கு வந்தார். கோட் பொத்தானைப் பூட்டினார். ரோல் ஒன்றைக் காட்டி, "ஹவ் மச் இஸ் திஸ்?" என்றார். அவ்வளவு தெளிவாக அவர் ஆங்கிலம் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அம்மா அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவருக்கு நான் என்னெண்டு விக்கிறது?"

"அம்மா, இது பாடம். விலையைச் சொல்லுங்கோ. இங்கிலிசிலை."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தட்டை அப்பா பக்கம் தள்ளினார். "நோ மணி" என்றார். "யூ ஈட்."

"சேர்! சேர்!" சின்னம்மா இரண்டு கையையும் உயர்த்தினார். "ஐ பை! ஐ கிவ் டூ டொலர்!"

"நோ மணி. சிஸ்டர். யூ ஈட்."

"சேர், திஸ் ஷொப் குளோஸ் டுமோறோ" என்றார் சின்னம்மா.

கமெராவுக்குப் பின்னால் விளக்குக் கம்பம் ஆடியது. வீடியோ அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தள்ளு அக்கா, உனக்கு வியாபாரம் வராது" என்று அம்மாவை விலக்கிவிட்டுக் கடையைக் கைப்பற்றினார். ரோல் மூன்று டொலர் என்றார். அப்பா "டூ மச்" என்றார். சின்னம்மா எண்ணெய் விலையைச் சொன்னார், கடை வாடகையைச் சொன்னார், மேல் ஜன்னலில் தெரிந்த பனியைக் காட்டினார். அப்பா நடந்துபோய்க் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார். சின்னம்மா இரண்டரைக்கு இறங்கினார். நான் பலகையில் எழுதியிருந்த ஒரு சொல்லும் அந்த வியாபாரத்தில் பயன்படவில்லை. ஆனால் ஒருவரும் தமிழும் பேசவில்லை.

நேரம் முடியப்போவதாக வீடியோ அண்ணை விரலைக் காட்டினார். "எனி குவெஸ்டியன்ஸ்?" என்று முறைக்குக் கேட்டேன். அப்பா, கையில் ரோலோடு, மற்றக் கையை உயர்த்தினார்.

"சேர், வன் குவெஸ்டியன்."

"யெஸ்?"

"வென் யூ கம் பேக்?"

அது பாடத்தில் இல்லாத கேள்வி. நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் விலைகள்தான் இருந்தன.

"நெக்ஸ்ட் இயர்" என்றேன்.

"தாங்க் யூ, சேர்" என்றுவிட்டு அப்பா, வகுப்பு தொடங்கிய பிறகு முதல் தடவையாக, கதிரையில் இருந்தார்.

இனி நடந்தது எங்கள் ஆட்களிடம் மட்டுமே நடக்கக்கூடிய பிழை. வீடியோ அண்ணைக்கு ஒரு முறை உண்டு. டிவிடியை மாப்பிள்ளையிடம் கொடுக்க மாட்டார். பெண்ணிடமும் கொடுக்க மாட்டார். நிகழ்ச்சியை நடத்திய தகப்பனின் கையில்தான் கொடுப்பார். அந்த முறைப்படியே என் டிவிடியும் தவணைக்கு ஒரு கிழமைக்கு முன் நேராக அப்பாவின் கைக்குப் போனது. அப்பாவும் தாமதிக்கவில்லை. மகனுக்கு ஏன் கரைச்சல் என்று, வேலைக்குப் போகும் வழியில் விமான நிலையத்துக் கூரியர் கடையிலேயே சீனாவுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாவது கொப்பியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "போட்டுப் பார்ப்பம்" என்றார்.

போட்டோம்.

முதலில் ஒரு தாமரை விரிந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு வெள்ளைப் புறாக்கள் பறந்தன. நாதஸ்வரம் முழங்கியது. ஓர் இதய வடிவத்துக்குள் என் முகம் சுழன்று சுழன்று வந்து நின்றது, சுற்றிவர நட்சத்திரங்கள். பிறகு நான் கதவால் நுழைந்தேன். மெதுவாக நுழைந்தேன். ஒரு கால் வைத்து மறுகால் வைப்பதற்குள் நயாகரா நீர்வீழ்ச்சி ஒருமுறை வந்துபோனது. "குட் மோர்னிங், கிளாஸ்" என்று என் வாய் அசைந்தது. கேட்டது மேளம். அம்மா "நோ மணி" என்று சொன்ன இடத்தில் மட்டும் அண்ணை மேளத்தை நிறுத்தி, அதை மூன்று தடவை திருப்பிப் போட்டிருந்தார். அப்பா கடைசிக் கேள்வியைக் கேட்டபோது, கேள்வியும் என் பதிலும் பொன்னிற ஆங்கில எழுத்தில் திரையில் ஓட, மேலிருந்து ரோசாப்பூ இதழ்கள் கொட்டின.

"நல்ல வடிவு" என்றார் அம்மா.

நான் தொலைபேசியடிக்கு ஓடினேன். "அண்ணை, இது வேலைக்கு அனுப்பிற வீடியோ எல்லோ!"

"தெரியுமே. அதுதானே இவ்வளவு வேலை செய்தனான். தனிய நீ நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தா ஆர் தம்பி பார்ப்பினம்?"

"பாட்டில்லாத பழைய டேப் இருக்கோ?"

"அதுக்கு மேலை போன சனிக்கிழமை ஒரு கலியாணத்தை எடுத்துப்போட்டன். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்திச்சினம்."

தவணைக்குள் இன்னொரு வகுப்பு எடுக்க ஆளுமில்லை, நாளுமில்லை. மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினேன். புறாக்களை எப்படி விளக்குவது என்று தெரியாமல் அழித்துவிட்டேன். அடுத்த நாட்களில் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. நான் பட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது, "வந்திட்டுதோ?" என்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். "தூரம்தானே" என்பார். வீடியோவைப் பற்றி என் மனதில் இருந்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அதை ஒவ்வொரு இரவும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவணை முடிந்து சில நாள் கழித்து, ஒரு மாலை, தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். "ஹலோ... யெஸ்... யெஸ், மதர்." பிறகு, எங்கள் வீட்டுக்கு அழைக்கும் எவரிடமும் அம்மா கேட்கும் கேள்வியைக் கேட்டார். "யூ ஈட்?"

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அம்மாவின் முகம் மலர்ந்தது. "மீ ஆல்சோ ஈட்" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். "ஆரோ நல்ல மனிசி. நானும் சாப்பிட்டனானோ எண்டு திருப்பிக் கேட்டவ."

தலைமையாசிரியை! சீனாவில் அப்போது காலை.

"உங்கள் தாயார் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பேசுகிறார்" என்றார் அவர் நிதானமான ஆங்கிலத்தில். "எங்கள் ஊரிலும் முதலில் கேட்பது அதைத்தான்."

நான் புறாக்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"இங்கே எங்கள் கல்யாண வீடியோக்களும் அப்படித்தான்" என்றார். "ஆனால் மேளம் மிகவும் அதிகம். உங்கள் உச்சரிப்பு எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை பார்த்தோம். என் மாணவர்கள் சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுப்பார்கள். பிழை விட்டுவிடுவோம் என்ற பயத்தில் வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். உங்கள் வகுப்பில் வாய் மூடிய ஒருவரும் இல்லை. அந்த எழுந்து நிற்கும் மனிதர் யார்?"

"என் அப்பா."

"அவருக்கு எவ்வளவு காலமாகப் படிப்பிக்கிறீர்கள்?"

"அன்றைக்கு மட்டும்தான்."

"அவருடைய கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் பிழை" என்றார். "முதல் ஒப்பந்தம் ஆறு மாதம்தான். அதன் பிறகு ஒரு மாதம் விடுமுறை. அவரிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். மூவரும் வரிசையாக நின்றார்கள். வேலை கிடைத்ததென்று சொன்னேன். சின்னம்மா கையைத் தட்டினார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்குப் பலகாரம் கெடாமல் இருக்குமா என்று உடனே கவலைப்படத் தொடங்கினார். அப்பாவிடம் ஆறு மாதக் கணக்கைத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ சொன்னமாதிரியே இங்கிலிசிலை ஒருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன்.

புறப்படுவதற்கு முதல்நாள், பெட்டி கட்டும்போதுதான் இதற்கெல்லாம் எவ்வளவு காசு முடிந்தது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பெரிசா ஒண்டுமில்லை. ஒரு நானூறு" என்றார் அவர்.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பொய் சொல்லாதேங்கோ. அது வீடியோக்காரருக்கு மட்டும். கூரியரை ஆர் சொல்லுறது? லண்டனுக்கும் பாரிசுக்கும் ஸ்காபரோவுக்கும் அனுப்பின கொப்பியளை ஆர் சொல்லுறது?"

"லண்டனுக்கு ஏனப்பா?" என்றேன்.

"அவங்களும் பாக்கட்டுமே, நீ சேர் ஆகினதை."

"அத்தான், என்ரை புதுச் சீலை" என்று சின்னம்மா நினைவுபடுத்தினார். "அதுவும் வகுப்புச் செலவுதான். சும்மா வீட்டிலை கட்டுறதுக்கே நான் வாங்கினனான்?"

அப்பா பெட்டியின் பூட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சரியான தொகையைச் சொன்னார். சீலையோடு சேர்த்து ஆயிரத்து நூற்றுநாற்பது டொலர்.